டிராக்டர் எட்டிய தூரம்



ஊருக்குத் தொலைவான ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் புரிகிறபடி பேசவேண்டும் என்பது தீர்த்தமலையில் நடக்கும் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் ஏற்பாடு என்றார்கள். அண்டார்க்டிகாவைவிடத் தொலைவான இடம் பூமியில் எனக்குத் தெரிந்து இல்லை. பென்குயின்களைப் பற்றியும், துருவத்தில் முதலில் கொடி நட்டவர் யார் என்பதைப் பற்றியும் நிறையப் பேசியாகிவிட்டது. நான் பேச வந்தது சரக்கைப் பற்றி. அங்கே ஆய்வு நிலையம் கட்ட மரமும் இரும்பும் டீசலும் அரிசியும் எப்படிப் போய்ச் சேர்ந்தன, இழுத்த வண்டிகள் எவை, ஓட்டியவர்கள் யார் என்பதுதான் இன்றைய பேச்சு.

1958 ஜனவரி 4ஆம் தேதி தென்துருவத்துக்கு மூன்று டிராக்டர்கள் வந்து சேர்ந்தன. துருவத்துக்கென்று யாரும் அவற்றை வடிவமைக்கவில்லை. இங்கிலாந்தின் வயல்களில் கலப்பை இழுப்பதற்காகச் செய்த பெர்குசன் டிஇ-20 என்ற சின்ன உழவு டிராக்டர்கள் அவை. ஒன்றேகால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவான எடை, முப்பது குதிரைத்திறனைத் தொடாத எஞ்சின். ஓட்டி வந்த ஐந்து பேரில் ஒருவர் எட்மண்ட் ஹில்லாரி. 1953இல் டென்சிங் நோர்கேயோடு எவரெஸ்ட் உச்சியில் நின்ற அதே ஹில்லாரி. தரை வழியாக மோட்டார் வண்டியில் தென்துருவத்தை எட்டிய முதல் கூட்டம் இது. 1912இல் ஸ்காட் போனதற்குப் பிறகு தரை வழியே அங்கே முதலில் போய்ச் சேர்ந்தவர்களும் இவர்கள்தாம்.

அரூர் சாலையில் ஓடும் மாசி பெர்குசன் வண்டிகளுக்கும் இந்த மூன்றுக்கும் ரத்த உறவு உண்டு. ஹாரி பெர்குசன் அயர்லாந்துக்காரர், 1909இலேயே அந்தத் தீவில் சொந்த விமானம் செய்து பறந்தவர். கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட், மூன்று புள்ளி இணைப்பு என்று இன்றைக்கு எந்தக் கம்பெனி டிராக்டரின் பின்புறத்திலும் பார்க்கிறோமே, அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவர். அவருடைய டிஇ-20, 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1953இல் அவருடைய தொழில் கனடாவின் மாசி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. மாசி பெர்குசன் என்ற பெயர் நிலைத்தது 1958இல். அந்த நிறுவனத்தின் கூட்டோடு 1960இல் சென்னையில் தொடங்கியதுதான் டாஃபே. செம்பியம் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகள் தருமபுரி மாவட்டத்துக்குள் எத்தனை வந்திருக்கும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள்.

ஹில்லாரியின் டிராக்டர்களைத் துருவத்துக்குப் போவதற்காக யாரும் கப்பலில் ஏற்றவில்லை. ரோஸ் தீவில் ஸ்காட் பேஸ் என்ற நியூசிலாந்து முகாமைக் கட்டுவதற்கும், கப்பலிலிருந்து சாமான் இழுப்பதற்கும், வழியில் எரிபொருள் கிடங்குகள் வைப்பதற்கும்தான் அவை வந்தன. கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் பயணத்தின் தலைவர் விவியன் ஃபுக்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் எதிர்க்கரையிலிருந்து ஸ்னோ-கேட் என்ற பெரிய பனி வண்டிகளில் கிளம்புவார். அவருக்காகக் கிடங்கு வைத்துவிட்டு ஹில்லாரி நின்றுவிடவேண்டும். இதுதான் ஏற்பாடு. 1957 அக்டோபர் 14 அன்று மூன்று பெர்குசன்களும் ஒரு வீசல் வண்டியும் கிளம்பின. வீசல் என்பது போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய, சங்கிலி பூட்டிய வண்டி. பனிக்கென்றே பிறந்த அந்த வீசலை வழியில் கைவிட நேர்ந்தது. உழவு டிராக்டர்கள் மூன்றும் நிற்கவில்லை. 700 மைல் கிடங்கை வைத்து முடித்ததும் ஹில்லாரி திரும்பவில்லை, துருவத்தைப் பார்த்து ஓட்டினார். ஃபுக்ஸுக்கு இது பிடிக்கவில்லை என்பதும், லண்டன் செய்தித்தாள்கள் இரண்டு பேருக்கும் பந்தயம் என்று எழுதியதும் தனிக் கதை. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. ஒன்றேகால் டன் டிராக்டர் பனியில் புதையாமல் எப்படிப் போனது என்பதுதான் என் கேள்வி.

நெல் அறுவடைக்கு வண்டி அமர்த்துகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி போதும்; ஈரம் நிற்கிற வயலென்றால் செயின் வண்டிதான் வேண்டும், வாடகை கூடுதலானாலும். எடை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். டயர் தரையைத் தொடும் இடம் கொஞ்சம், சங்கிலி தொடும் இடம் அதிகம். ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் எத்தனை எடை உட்காருகிறது என்பதுதான் புதைவதையும் போவதையும் தீர்மானிக்கிறது. ஹில்லாரியின் ஆட்கள் பெர்குசனின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இன்னொரு சிறு சக்கரம் வைத்து, மூன்றையும் சுற்றிச் சங்கிலிப் பட்டை மாட்டினார்கள். முன் சக்கரத்தைத் திருப்ப முடியாது என்பதால் ஸ்டியரிங்குக்கு வேலையில்லை. இடது பிரேக், வலது பிரேக் என்று மாற்றி மாற்றி அழுத்தித் திருப்பவேண்டும். தலைக்கு மேலே இரும்புக் கம்பி வளைவு, குளிர்காற்றுக்கு கேன்வாஸ் மறைப்பு. பனிப்பிளவில் ஒன்று விழுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும்படி வண்டிகளைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு போனார்கள். மலையேறுகிறவர்கள் இடுப்பில் கட்டும் கயிற்றை டிராக்டருக்குக் கட்டியது எவரெஸ்ட் ஏறியவருக்குத் தோன்றக்கூடிய யோசனைதான்.

துருவம் சமவெளி அல்ல. கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கு மேல் உயரம், ஊட்டியைவிட உயரம். காற்று அடர்த்தி குறைந்தால் எஞ்சின் வலு குறையும். கடைசி நாட்களில் மிருதுவான பனியில் வண்டிகள் திணற, சாமான்களை இறக்கிவிட்டுப் போனார்கள். துருவத்தில் வந்து நின்றபோது டாங்கில் மிஞ்சிய பெட்ரோல் இன்னும் சில மைல்களுக்குத்தான் காணும்.

எரிபொருள் கணக்குதான் இந்த வரலாறு முழுவதையும் நடத்துகிறது. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: ஒரு டிராக்டர் 10 டன் இழுக்கும், 100 கிலோமீட்டருக்கு அரை டன் டீசல் குடிக்கும். 500 கிலோமீட்டர் தள்ளி உள்ள இடத்துக்குப் போக இரண்டரை டன், வர இரண்டரை டன். அங்கே சேர்ப்பது 5 டன். அதே வண்டியை 1,000 கிலோமீட்டருக்கு அனுப்பினால் போகவும் வரவும் பத்து டன்னையும் அதுவே குடித்துவிடும். சேர்ப்பது ஒன்றுமில்லை. வழியில் வாங்க பங்க் கிடையாது. எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்பதற்கு இப்படி ஒரு வேலி இருக்கிறது. விஞ்ஞானி வரைபடத்தில் விரல் வைத்து ‘இங்கே நிலையம் வேண்டும்’ என்று சொல்லலாம். அங்கே எத்தனை டன் சேரும் என்று மெக்கானிக் சொல்லும் பதில்தான் நிலையம் நிற்கும் இடத்தை முடிவு செய்தது. அண்டார்க்டிகாவின் ஆய்வு நிலைய வரைபடத்தை நான் பார்க்கிறபோது அறிவியல் தேர்ந்த புள்ளிகளைவிடச் சுமை தேர்ந்த புள்ளிகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். இந்தியாவின் கதையும் அப்படித்தான். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஸ்காட் என்றால் நாயும் குதிரையும் மனித இழுப்பும்தான் நினைவுக்கு வரும். அவர் மூன்று மோட்டார் சறுக்குவண்டிகளும் கொண்டுபோனார். 1911 ஜனவரி 8 அன்று கப்பலிலிருந்து இறக்கிய மூன்றாவது வண்டி கடல்பனியை உடைத்துக்கொண்டு மூழ்கிப்போனது. மிஞ்சிய இரண்டும் அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் கிளம்பின. சங்கிலிப் பட்டை நன்றாகவே பிடித்தது. எஞ்சின்தான் கொதித்தது, உள்ளே கனெக்டிங் ராடின் தலைகள் உடைந்தன. சில நாட்களில் இரண்டையும் பனியிலேயே விட்டுவிட்டு, ஓட்டி வந்தவர்கள் தோளில் பட்டை மாட்டி இழுக்கத் தொடங்கினார்கள். இந்த வண்டிகளை உருவாக்க உழைத்த பொறியாளர் ரெஜினால்ட் ஸ்கெல்டன் இந்தப் பயணத்தில் இல்லை. பயணத்தின் துணைத் தலைவரைவிடக் கடற்படையில் அவருக்குப் பதவி உயர்வாக இருந்தது. அது இடைஞ்சல் என்று விட்டுவிட்டார்கள். பதவி வரிசையைக் காப்பாற்றினார்கள், வண்டியை அறிந்தவரை வீட்டில் விட்டுவிட்டார்கள். நம் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

டிராக்டரின் மதிப்பு பிறகு ஒரு மீட்பில் வெளிப்பட்டது. 1934இல் அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட் கடற்கரை முகாமிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் உள்ளே, பனிக்குள் புதைத்த ஓர் அறையில் தனியாகக் குளிர்காலத்தைக் கழிக்கப் போனார். அடுப்பிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் வந்த கார்பன் மோனாக்சைடு புகை அவரைச் சாகும் நிலைக்குக் கொண்டுவந்தது. ஆகஸ்டில், துருவ இருட்டில், தாமஸ் போல்ட்டர் என்ற இயற்பியலாளர் டிராக்டரில் போய் அவரை அடைந்தார். முதல் முயற்சிகள் தோற்று, மூன்றாவதில்தான் முடிந்தது.

அந்த இரவுப் பயணங்களின் பாடு போல்ட்டரை உறுத்தியிருக்கவேண்டும். துருவத்தில் எங்கும் போகக்கூடிய ஒரு வண்டி செய்யவேண்டும் என்று சிகாகோவில் உட்கார்ந்து திட்டமிட்டார். 1939இல் வந்தது ‘ஸ்னோ குரூசர்’. 17 மீட்டர் நீளம், 34 டன் எடை, ஆளைவிட உயரமாக மூன்று மீட்டர் விட்டமுள்ள நான்கு டயர்கள், உள்ளே படுக்கை, சமையலறை, ஆய்வகம், கூரையின் மேல் ஒரு சின்ன விமானம். சிகாகோவிலிருந்து பாஸ்டன் துறைமுகம் வரை சாலையில் ஓட்டிப் போனபோது வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடி, பல இடங்களில் போக்குவரத்து நின்றது. அண்டார்க்டிகாவில் இறக்கியதும் டயர்கள் பனியில் வழுக்கிச் சுழன்றன. பட்டன் இல்லாத வழவழப்பான டயர்கள் அவை. முன்னோக்கி ஓட்டினால் நகராது, பின்னோக்கி ஓட்டினால் கொஞ்சம் நகரும் என்று கண்டுபிடித்தார்கள். அதன் மிக நீண்ட பயணம் 92 மைல். முழுக்க ரிவர்ஸ் கியரில். பிறகு ஓரிடத்தில் நிறுத்தி, பனி மூடிய வீடாகப் பயன்படுத்தினார்கள். பதினெட்டு வருடங்களுக்குப் பின் அந்த உழவு டிராக்டர்கள் செய்ததை நினைத்துப் பார்த்தால், வண்டியின் பெருமை அதன் அளவில் இல்லை என்பது போல்ட்டருக்கே தெரிந்திருக்கும்.

1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டு. அதற்காகப் பல நாடுகள் ஒரே நேரத்தில் அண்டார்க்டிகாவில் நிலையங்கள் கட்டக் கிளம்பின. அமெரிக்கா கேட்டர்பில்லர் டி-8 வண்டிகளை, சங்கிலிப் பட்டையை அகலப்படுத்தி, முப்பது டன்னுக்கு மேல் எடையோடு கொண்டுவந்தது. சோவியத் ஒன்றியம் தன் டிராக்டர்களைக் கொண்டுவந்து மிர்னி நிலையத்தைத் தொடங்கியது. கப்பல் கரைக்கு வர முடியாது. கரையை ஒட்டிக் கடல் உறைந்து கிடக்கும். ஆகவே சரக்கு கடல்பனியின் மேல் இறங்கி, அதன் மேலேயே டிராக்டர் இழுத்து நிலத்துக்குக் கொண்டுபோகவேண்டும். அந்தக் கோடைப்பனியின் கனம் இடத்துக்கு இடம் மாறும், நேற்றைக்கு இருந்தது இன்றைக்கு இருக்காது. 1956 ஜனவரி 6 அன்று ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க ஓட்டுநரின் டி-8, கடல்பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அவர் வெளியே வரவில்லை. பதினைந்து நாள் கழித்து ஜனவரி 21 அன்று மிர்னியில் இவான் ஹமாரா என்ற இளம் சோவியத் டிராக்டர் ஓட்டுநருக்கும் அதே முடிவு. பனிப்போரின் இரண்டு பக்கத்தார், ஒரே மாதம், ஒரே வேலை. மார்ச் மாதம் மேக்ஸ் கீல் என்ற இன்னொரு அமெரிக்க ஓட்டுநர், கண்டத்தின் உட்பகுதிக்கு வழி போடும்போது டி-8-ஓடு பனிப்பிளவுக்குள் விழுந்து இறந்தார். அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்தின் விமானத் தளத்துக்கு வில்லியம்ஸ் பெயர். மிர்னி அருகே ஒரு தீவுக்கு ஹமாராவின் பெயர். ஒரு பனியாற்றுக்குக் கீல் பெயர். பயணத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள் நூலகத்தில் அடுக்கடுக்காகக் கிடைக்கும்; இவர்கள் வரைபடத்தில் மட்டும் இருக்கிறார்கள்.

அதே பருவங்களில் தென்துருவத்திலேயே அமெரிக்கர்கள் நிலையம் கட்டினார்கள். டிராக்டர் கணக்கு அங்கே எட்டவில்லை. பெரிய சரக்கு விமானங்களிலிருந்து பாராசூட்டில் மரமும் டிரம்களும் போட்டார்கள். பாராசூட் விரியாத மூட்டைகள் பனிக்குள் ஆழப் புதைந்துபோயின. ஹில்லாரி போய்ச் சேர்ந்தபோது துருவத்தில் சூடான சாப்பாடு கிடைத்தது அப்படி வானத்திலிருந்து விழுந்த சாமானால்தான்.

சோவியத்காரர்கள் வானத்தைவிடத் தரையை நம்பினார்கள். கார்கிவ் நகரத் தொழிற்சாலையில் கனரக ராணுவ இழுவண்டியின் அடித்தளத்தில் ‘ஹார்கோவ்சாங்கா’ என்ற 35 டன் வண்டியைச் செய்தார்கள். எஞ்சினைச் சரிபார்க்க வெளியே இறங்கவேண்டாம். உள்ளிருந்தே கை வைக்கலாம். மைனஸ் 50, 60 என்று போகும் குளிரில் இரும்பு கண்ணாடிபோல் உடையும், டீசல் மெழுகாகும், ஸ்பேனரைத் தொட்ட கையின் தோல் அதோடு ஒட்டிக்கொள்ளும் என்பதை அறிந்தவர்கள் செய்த வண்டி. 1959 டிசம்பரில் அவை தென்துருவம் வரை போய்த் திரும்பின. மிர்னியிலிருந்து 1,400 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வோஸ்தோக் நிலையத்துக்குப் பல பத்தாண்டுகள் சுமை போனது இத்தகைய டிராக்டர் வரிசைகளால்.

நமக்கு நெருக்கமான இடம் ஒன்று உண்டு: ஷிர்மாகர் சோலை. பனிக்கு நடுவே பாறை வெளியே தெரியும், சிறு ஏரிகள் உள்ள ஒரு நிலத்துண்டு. 1939இல் ஜெர்மானிய விமானிகள் கண்டது. அவர்களில் ஒருவரான ஷிர்மாகரின் பெயரே இடத்துக்கும். அதன் வடக்கே கடல் வரைக்கும் பனித்தட்டு. நிலத்திலிருந்து வழிந்த பனி கடலின் மேல் மிதந்தபடி விரிந்து கிடப்பதைத்தான் பனித்தட்டு என்கிறேன். பார்க்கத் தரைபோலவே இருக்கும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், விளிம்பு அவ்வப்போது பாளம் பாளமாக உடையும். சோவியத்காரர்கள் 1959இல் முதலில் பனித்தட்டின் மேல் லாசரெவ் என்ற நிலையத்தை வைத்தார்கள். கப்பலிலிருந்து இறக்குவதற்கு அதுதான் வசதி. இரண்டே வருடத்தில் அதை மூடிவிட்டு உள்ளே பாறைக்குப் போனார்கள். 1961இல் நோவோலாசரெவ்ஸ்கயா திறந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் அதன் மருத்துவர் லியோனித் ரோகசோவ் தன் குடல்வாலைத் தானே அறுத்தெடுத்துக்கொண்டதும் அங்கேதான். குளிர்காலத்தில் எந்த வண்டியும் கப்பலும் வராது என்றால் அதற்கு அர்த்தம் இதுதான்.

இந்தியா 1956இலேயே அண்டார்க்டிகா பிரச்சினையை ஐ.நா.வில் எழுப்பியது. அந்தக் கண்டம் சில நாடுகளின் சொந்தச் சொத்தாகிவிடக் கூடாது என்ற கவலை. விவாதம் நடக்கவில்லை. 1959 டிசம்பர் 1 அன்று பன்னிரண்டு நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், முடிவெடுக்கும் மேசையில் உட்காரப் பின்னால் வரும் நாடுகளுக்கு ஒரு நிபந்தனை வைத்தது: அங்கே நிலையமோ ஆய்வுப் பயணமோ நடத்திக் காட்டவேண்டும். வாயால் பேசி நுழைய வழியில்லை, சுமையை இறக்கித்தான் நுழையவேண்டும்.

சுமை இறங்க கால் நூற்றாண்டு ஆயிற்று. இடையில் இந்தியர்கள் ஒரு சிலர் பிற நாட்டுப் பயணங்களோடு போய்வந்தார்கள். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் பரம்ஜித் சிங் ஸேஹ்ரா 1971-73இல் சோவியத் பயணத்தில் சேர்ந்து குளிர்காலத்தைக் கழித்தார். 1981 டிசம்பர் 6 அன்று சையது ஜாகூர் காசிம் தலைமையில் 21 பேர் ‘போலார்சர்க்கிள்’ என்ற நார்வே கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டு 1982 ஜனவரி 9 அன்று இறங்கினார்கள். அடுத்த ஆண்டு வி.கே. ரைனா தலைமையில் இரண்டாவது பயணம். 1983 ஆகஸ்டில் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. செப்டம்பர் 12 அன்று மேசையில் நாற்காலி கிடைத்தது. நிரந்தர நிலையம் அப்போதும் இல்லை. ஹர்ஷ் குப்தா தலைமையில் 81 பேரோடு ‘ஃபின்போலாரிஸ்’ கப்பலில் போன மூன்றாவது பயணம்தான் அதைக் கட்டியது.

எங்கே கட்டினார்கள்? பனித்தட்டின் மேல். லாசரெவ் மூடிய கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டவேண்டிய காலம் இரண்டு மாதம். மார்ச்சுக்குள் கப்பல் திரும்பாவிட்டால் கடல் மூடிவிடும். கட்டடப் பாகங்கள், ஜெனரேட்டர், ஒரு குளிர்காலத்துக்கான எரிபொருள், சாப்பாடு எல்லாம் கப்பலில் வந்திறங்கி, ஹெலிகாப்டரும் பனி வண்டியும் எட்டும் தூரத்துக்குள் போய்ச் சேரவேண்டும். நூறு கிலோமீட்டர் உள்ளே இழுத்துப்போய் அங்கே கட்டும் வசதி அந்த ஆண்டு நம்மிடம் இல்லை. ராணுவப் பொறியாளர்கள் கட்டி முடித்தார்கள். லெப்டினன்ட் கர்னல் எஸ்.எஸ். சர்மா தலைமையில் பன்னிரண்டு பேர் அந்தக் குளிர்காலத்தைத் தட்சிண் கங்கோத்ரி என்ற அந்த நிலையத்தில் கழித்தார்கள். நிலையம் தவறான இடத்தில் வைத்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆண்டின் டிராக்டர் எட்டிய இடத்தில் வைத்தார்கள்.

பனித்தட்டு தன் வேலையைச் செய்தது. சமதளத்தில் நிற்கும் எதுவும் காற்றுக்குத் தடை. தடையின் பின்னால் காற்று வேகம் குறைந்து, சுமந்து வந்த பனியைக் கீழே போடும். வருடாவருடம் நிலையம் புதைந்துகொண்டே போக, வாசலைத் தேடிப் பனியை வெட்டவேண்டி வந்தது. 1990இல் நிலையம் என்ற பொறுப்பிலிருந்து அதை விடுவித்தார்கள். கடற்பக்கத்துச் சரக்கு இடமாக அது நீடித்தது.

அதற்குள் இரண்டாவது நிலையமான மைத்ரி வந்துவிட்டது. ஷிர்மாகர் சோலையில், பாறையின் மேல், உயரத்தை மாற்றக்கூடிய எஃகுக் கால்களில். புணேயில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிப் பொறியியல் நிறுவனம் வடிவமைத்தது. 1989இல் செயல்படத் தொடங்கியது. காற்று கட்டடத்தின் அடியில் புகுந்து போய்விடுவதால் பனி சேர்வது குறைவு. குடிதண்ணீருக்கு அருகில் பிரியதர்ஷினி ஏரி. கூப்பிடு தூரம் என்று சொல்லமுடியாவிட்டாலும் சில கிலோமீட்டரில் ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்கயா. பனித்தட்டிலிருந்து பாறைக்கு என்று சோவியத்காரர்கள் இரண்டு வருடத்தில் நடந்த வழியை நாம் ஐந்தாறு வருடத்தில் நடந்தோம்.

அதற்கு விலை, கப்பல் நிற்கும் பனித்தட்டு விளிம்பிலிருந்து மைத்ரி வரை உள்ள சுமார் நூறு கிலோமீட்டர். ஒவ்வொரு கோடையிலும் கப்பலின் கிரேன் எரிபொருளையும் பெட்டிகளையும் விளிம்பில் இறக்கும். பிஸ்டன் புல்லி என்ற ஜெர்மன் வண்டிகள் சறுக்குவண்டிகளைக் கோத்து வரிசையாக இழுத்துக்கொண்டு போகும். இந்த பிஸ்டன் புல்லி ஐரோப்பாவில் பனிச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்காக மலைச்சரிவைச் சமன்படுத்தப் பிறந்த வண்டி. பனியில் அகலமான பட்டையோடு நடக்கக் கற்றதால் விளையாட்டுத் திடலிலிருந்து துருவத்துக்கு வந்துவிட்டது, பெர்குசன் வயலிலிருந்து வந்ததுபோல. வழியில் கொடி நட்ட பாதை, பனிப்பிளவுகள், கண்ணுக்கெதிரே கையை நீட்டினால் கை தெரியாத பனிப்புயல். புயல் வந்தால் வண்டிகளை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். இழுக்கிற சரக்கில் பெரும்பங்கு நிலையத்தின் ஜெனரேட்டர்களுக்கான எரிபொருள். வெப்பமும் வெளிச்சமும் தண்ணீரும் எல்லாம் அதிலிருந்து.

இந்தியப் பயணங்களில் உயிர்ப்பலிகளும் உண்டு. 1990 ஜனவரியில் ஒன்பதாவது பயணத்தைச் சேர்ந்த நான்கு பேர், மலைப்பகுதி முகாமில் கூடாரத்துக்குள் கார்பன் மோனாக்சைடு புகையால் இறந்தார்கள். பேர்ட் பிழைத்த அதே விஷம்.

மூன்றாவது நிலையமான பாரதிக்கு வரும்போது கணக்கைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். 2012 மார்ச் 18 அன்று லார்ஸ்மன் குன்றுகளில் தொடங்கிய அது கடலோரத்திலேயே பாறையின் மேல் நிற்கிறது. உள்ளே இழுக்கும் நூறு கிலோமீட்டர் இல்லை. கட்டடமே 134 சரக்குப் பெட்டகங்களால் ஆனது. கப்பலில் சாமானைச் சுமந்து வரும் இரும்புப் பெட்டகம் வெளிப்போர்வைக்குள்ளே அறையாகிவிட்டது. சுமையையும் சுவரையும் ஒன்றாக்கிய இந்த யோசனையை நான் மிகவும் மெச்சுகிறேன். கட்டடக் கலைஞரைவிடச் சரக்கு அனுப்புகிறவருக்குத்தான் இப்படித் தோன்றும்.

இதற்கிடையே அமெரிக்கர்களும் வானத்திலிருந்து தரைக்குத் திரும்பியிருக்கிறார்கள். மெக்மர்டோவிலிருந்து தென்துருவம் வரை 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஒரு பனிப் பாதையை 2000களில் அமைத்து, பெரிய விவசாய டிராக்டர் வகை வண்டிகளால் எரிபொருள் இழுக்கிறார்கள். இரும்புச் சறுக்குவண்டிகளின் இடத்தில் வழுவழுப்பான பிளாஸ்டிக் விரிப்பு. அதன் மேல் எரிபொருள் நிரம்பிய பெரிய ரப்பர் பைகள். விரிப்பின் எடை மிகக் குறைவு என்பதால் அதே டிராக்டர் அதிகம் சேர்க்கிறது. நான் முன்பு சொன்ன பத்து டன் கணக்கில் வேலி கொஞ்சம் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான்.

மைத்ரி நினைத்ததைவிட நீண்ட காலம் உழைத்துவிட்டது. அதற்குப் பதிலாக மைத்ரி-2 கட்டும் திட்டம் நடந்துவருகிறது. அதுவும் ஷிர்மாகர் பக்கத்துப் பாறையில்தான் என்பதால், அதன் ஒவ்வொரு தூணும் பலகையும் அந்த நூறு கிலோமீட்டரைக் கடந்தாகவேண்டும். மாணவர்களுக்காக ஒரு தகவலோடு முடித்துக்கொள்கிறேன். கோவாவில் வாஸ்கோ நகரில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம்தான் இந்தப் பயணங்களை நடத்துகிறது. விஞ்ஞானிகளை மட்டும் அது அனுப்புவதில்லை. வண்டி மெக்கானிக், வண்டி எலக்ட்ரீசியன், கிரேன் ஆபரேட்டர், தோண்டும் இயந்திர ஆபரேட்டர், வெல்டர், சமையல்காரர் என்று ஒப்பந்த அடிப்படையில் ஆட்களுக்கு விளம்பரம் செய்கிறது. ஐடிஐ, டிப்ளமோ படிப்போடு வேலை அனுபவம் கேட்பார்கள், உடல் தகுதிச் சோதனையும் உண்டு. அரூரிலும் மொரப்பூரிலும் டிராக்டர் பட்டறைகளில் கை அழுக்காகிக்கொண்டிருக்கிறவர்கள் அந்த விளம்பரத்தைப் பார்க்கவேண்டும்.